மண்மேடு தானாகச் சரிவதில்லை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பத்திரிகைகளின் மலையகச் செய்திகளில் ஒரு சிறிய செய்தி தவறாமல் இடம்பிடித்து விடுகின்றது. வீடொன்றின் பின்புறத்தில் பாதுகாப்பு மதில் கட்டுவதற்காக மண் வெட்டிக்கொண்டிருந்தபோது மண்மேடு சரிந்து விழுந்ததில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்; சடலம் பிரேத பரிசோதனைக்காக வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது; பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர். ஐந்தாறு வரிகளில் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த முறை ஊரும் பெயரும் வயதும் மாறும். மற்றவை அப்படியே இருக்கும்.

அந்த ஐந்தாறு வரிகளில் இல்லாத விடயங்கள் பல. அந்த மேடு எத்தனை அடி உயரம்? அதை நேர்செங்குத்தாக வெட்டச் சொன்னவர் யார்? முந்திய இரவு மழை பெய்ததா? காலையில் யாராவது மேலே ஏறிப் பார்த்தார்களா? மேட்டின் விளிம்பில் வெடிப்பு இருந்ததா? கீழே இறங்கியவர் அதைக் கேட்கும் நிலையில் இருந்தாரா? "மண்மேடு சரிந்தது" என்று எழுதும்போது அந்த வாக்கியத்தில் மண் மட்டுமே இருக்கின்றது. மனிதர் எவரும் இல்லை. பழி முழுவதும் மண்ணின் மீது விழுகின்றது. மண்ணை யாரும் நீதிமன்றத்துக்கு அழைக்க முடியாது.

பெருமழையில் மலையே பெயர்ந்து வரும் இயற்கை அனர்த்தம் வேறு. இங்கு நாம் பேசுவது வேலைத்தளத்தில் மனிதன் வெட்டிய மேட்டைப் பற்றி. அந்த மேடு தானாகச் சரிவதில்லை. யாரோ அளந்தார்கள், யாரோ விலை பேசினார்கள், யாரோ வெட்டச் சொன்னார்கள். அந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஆபத்தை முன்கூட்டியே எடைபோட்டுக் குறைக்க வழியிருந்தது. அந்த வழியைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், பொறுப்பானவர்களை அதன்படி நடக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலையங்கம்.

கட்டட வேலை எமது விடயமா?

கொழுந்து பறிப்பவர்களின் சங்கப் பத்திரிகையில் கட்டட வேலையைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எந்த லயத்தையும் ஒரு தடவை சுற்றி வந்தால் பதில் கிடைத்துவிடும். பெற்றோர் தோட்டத்தில் பேர் போடுகின்றார்கள். பிள்ளை கொழும்பில் மேசன் பாஸின் கீழ் கையாளாக நிற்கின்றான். தோட்டச் சம்பளம் போதாமல் போன குடும்பங்களுக்குக் கட்டட வேலைதான் இரண்டாவது அடுப்பு. ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் பெண்களும் கல், மணல் சுமக்கப் போகின்றார்கள். தோட்டத்துக்குள்ளேயே கான் வெட்டுதல், பாதை திருத்துதல், மதில் கட்டுதல் என்று நிர்வாகம் கொடுக்கும் வேலைகளும் கட்டட வேலைகளே.

இன்னொரு காரணமும் உண்டு. இந்திய அரசின் உதவியுடன் பெருந்தோட்டங்களில் 4,000 வீடுகளும், அதன் பின்னர் 2017 ஆம் ஆண்டு நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும் எமது மக்களின் பெயரில் வந்த திட்டங்கள். 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் நாம் பல தசாப்தங்களாகக் கேட்டுப் பெற்றவை. அவற்றை யாரும் குறைத்துப் பேச நாம் விடப்போவதில்லை. ஆனால் அந்த வீடுகள் எழும்புவது சமவெளியில் அல்ல, மலைச்சரிவில். மலைச்சரிவில் ஒரு வீடு எழும்ப வேண்டுமென்றால் முதலில் மண்ணை வெட்ட வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடிப்பவர்களும் எமது பிள்ளைகளே, அந்த மேட்டின் அடியில் படுத்துறங்கப் போகின்றவர்களும் எமது பிள்ளைகளே.

ஒரு கன அடி மண்ணின் பாரம்

மண்ணை நாம் தினமும் மிதிப்பதால் அதன் பாரத்தை மறந்து விடுகின்றோம். ஈரமான மண் ஒரு கன அடி ஏறத்தாழ 50 கிலோ. அதாவது ஒரு மூடை சீமெந்து. 10 அடி நீளம், 6 அடி உயரம், 2 அடி தடிப்புள்ள ஒரு துண்டு மேட்டிலிருந்து கழன்று விழுந்தால் அது 120 கன அடி, 120 மூடை சீமெந்து, 6 தொன். அது விழுவதற்குச் சில விநாடிகள் போதும். கீழே குனிந்து அத்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தலை வெளியில் இருந்தால் ஆள் தப்பிவிடுவார் என்றொரு நம்பிக்கை எம்மிடையே உண்டு. அது பிழையானது. நெஞ்சளவு மண் மூடினாலே போதும். மூச்சை இழுப்பதற்கு நெஞ்சு விரிய வேண்டும். சுற்றியிருக்கும் பாரம் அதை விரிய விடாது. அதனால்தான் முகம் வெளியில் தெரிந்தும் பலர் பிழைப்பதில்லை. காப்பாற்ற ஓடிப்போய்க் குதிப்பவர்கள் மீது இரண்டாவது சரிவு விழுந்து, ஓர் இழப்பு இரண்டாகின்ற ஆபத்தும் உண்டு.

மேடு ஏன் நேற்று நின்றது, இன்று விழுந்தது? வெட்டிய அன்று மண்ணில் இருக்கும் பிடிப்பும் ஈரப்பசையும் அதைத் தற்காலிகமாகத் தாங்கி நிற்கும். வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். மழையில் ஊறினால் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். மேலே உள்ள கானிலிருந்தும் குசினித் தண்ணீர் போகும் குழாயிலிருந்தும் கசியும் நீர் வெளியில் தெரியாமல் உள்ளே இறங்கும். வெட்டிய மண்ணைத் தூரக் கொண்டுபோகாமல் மேட்டின் விளிம்பிலேயே குவித்தால் அந்தப் பாரமும் சேரும். பெக்கோ இயந்திரமோ லொறியோ மேலே ஓடினால் அதிர்வும் சேரும். அடியில் மேலும் ஓர் அடி குடைந்தால், தாங்கி நின்ற காலும் போய்விடும். "மூன்று நாளாக நிற்கின்றதே, இனியா விழப்போகின்றது?" என்று கேட்பது இதனால்தான் ஆபத்தான கேள்வி. மேடு நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் பலம் குறைந்துகொண்டு போகின்றது. எமது பயமும் அதோடு சேர்ந்து குறைகின்றது.

ஆபத்து தீர்மானிக்கப்படும் நாள்

ஆபத்தை மதிப்பிடுதல் என்பது ஏதோ பெரிய கம்பனிகளின் கடதாசி வேலை என்று நினைக்கத் தேவையில்லை. அதில் இருப்பவை ஐந்து படிகள். எதனால் ஆபத்து வரலாம் என்று பார்ப்பது. யாருக்கு, எப்படி வரலாம் என்று பார்ப்பது. எந்தளவுக்கு வாய்ப்பு உண்டு, வந்தால் எவ்வளவு பாரதூரம் என்று எடைபோட்டு என்ன செய்வது என முடிவெடுப்பது. முடிவெடுத்ததை எழுதி வேலை செய்பவர்களுக்குச் சொல்வது. நிலைமை மாறும்போதெல்லாம் மறுபடியும் பார்ப்பது. தோட்டத்தில் பாம்பு இருக்கும் மலைக்குப் போகும் முன் நாம் செய்வதும் ஏறத்தாழ இதுதான்.

ஆனால் இந்த வேலையை எப்போது செய்கின்றார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியுள்ளது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 பாகை சரிவான நிலத்தில் 25 அடி அகலமான சமதளத்தை முழுவதுமாக வெட்டியெடுத்தால் பின்பக்கத்தில் 14 அடிக்குச் சற்று உயரமான மண்சுவர் எழும். பல நாடுகளில் அகழ்வு வேலைகளுக்குக் கடைப்பிடிக்கும் பொது வழக்கின்படி, நடுத்தரமான மண்ணை 1 அடி உயரத்துக்கு 1 அடி பின்னால் சாய்த்து, அதாவது 45 பாகையில் சீவ வேண்டும்; தளர்ந்த மண்ணாயின் 1 அடிக்கு ஒன்றரை அடி. மேலே மலை ஏறிக்கொண்டே போவதால், இந்த 45 பாகைச் சாய்வு மேட்டின் காலிலிருந்து 34 அடி பின்னால் போய்த்தான் நிலமட்டத்தைத் தொடும். சமதளம் 25 அடி, சாய்வு 34 அடி, மொத்தம் 59 அடி. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 40 அடி அகலமான துண்டென்றால் நீளம் 47 அடி மட்டுமே.

இதன் பொருள் என்ன? பாதுகாப்பான சாய்வு அந்தக் காணிக்குள் அடங்காது. சாய்த்து வெட்டினால் மேல்வரிசை வீட்டுக்காரரின் முற்றம் போய்விடும். ஆகவே பாஸ் நேர்செங்குத்தாக வெட்டுகின்றார். அவர் கவலையீனத்தால் அப்படிச் செய்கின்றார் என்று சொல்வது சுலபம். காணித் துண்டுகளைக் கோடு போட்டுப் பிரித்த அன்றே அவருக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது என்பதே உண்மை. ஆபத்து தீர்மானிக்கப்படுவது காணி அளக்கும் நாளில். இரண்டாவது முறை தீர்மானிக்கப்படுவது எஸ்டிமேட் எழுதும் நாளில். தாங்குசுவருக்கும் கானுக்கும் அதில் பணம் ஒதுக்காமல் விட்டால், அந்தச் செலவை ஒரு தொழிலாளியின் உயிர் ஏற்கின்றது. மண்வெட்டியோடு இறங்குபவர் இந்த வரிசையில் கடைசி ஆள். அவருக்கு மட்டும் "கவனமாக வேலை செய்" என்று புத்தி சொல்வது நியாயமாகாது.

வழி இல்லாமலும் இல்லை. மலைக்குக் குறுக்கே 25 அடி வெட்டாமல் வீட்டின் நீளப்பக்கத்தை மலையின் மட்டத்தோடு ஒட்டி வைத்து, 15 அடி அகலத்தில் கட்டினால் மேடு 9 அடிக்குள் அடங்கும். வீட்டை இரண்டு படித்தளங்களாக அமைத்தால் ஒவ்வொரு வெட்டும் 7 அடியளவில் நிற்கும். சரிவு மிகக் கூடிய இடத்தில் கட்டாமலே விட்டு, வேறு காணி கொடுக்கலாம். இவை எல்லாம் மண்வெட்டி தூக்குவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறும் நடைமுறை இதற்காகவே ஏற்பட்டது. அந்த அறிக்கை வெறும் இணைப்புக் கடிதமாகக் கோப்பில் கிடந்தால் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே வெளிவந்திருந்தது. எழுதி வைத்த எச்சரிக்கை தானாக யாரையும் காப்பாற்றாது என்ற பாடத்தை எமது சமூகம் மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கின்றது.

தலைக்கவசம் கடைசியில் வரட்டும்

வேலைத்தளப் பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது மஞ்சள் தலைக்கவசம். அது தேவைதான். மேலிருந்து விழும் கல்லிலிருந்தும் கம்பியிலிருந்தும் அது காக்கும். ஆனால் 6 தொன் மண்ணை அது தடுக்காது. பாதுகாப்புத்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு வரிசை உண்டு. முதலாவது, ஆபத்தையே இல்லாமல் செய்வது. இரண்டாவது, ஆபத்துக் குறைந்த முறைக்கு மாறுவது. மூன்றாவது, மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு வைப்பது. நான்காவது, வேலை செய்யும் ஒழுங்கையும் நேரத்தையும் மாற்றுவது. ஐந்தாவதும் கடைசியுமாகவே கவசமும் சப்பாத்தும். எம் நாட்டுச் சிறிய வேலைத்தளங்களில் இந்த வரிசை தலைகீழாக நிற்கின்றது. முதல் நான்கும் இல்லாமல், ஐந்தாவதையும் தொழிலாளி சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

மேடு வெட்டும் வேலையில் இந்த வரிசை எப்படி நடைமுறைக்கு வரும் என்று பார்ப்போம்.

வெட்டு உயரத்தையே குறைப்பது முதற்படி. அதை மேலே சொன்னோம். மண்ணை எப்போதும் மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். அடியைக் குடைந்து மேல் மண்ணைத் தானாக விழ வைப்பது வேலையைச் சுருக்கும், ஆளையும் முடிக்கும். 5 அடிக்கு மேற்பட்ட எந்த வெட்டும் சாய்த்தோ படிப்படியாகவோ வெட்டப்பட வேண்டும். முடியாவிட்டால் பலகையும் முட்டுக்கட்டையும் கொடுத்துத் தாங்க வேண்டும். 5 அடிக்குக் குறைந்தாலும் மண் தளர்ந்திருந்தால் அதே விதிதான். மேலே மலையும் வீடும் இருக்கும் இடத்தில் பொதுவிதி போதாது. பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு மதில் கட்டும்போது 40 அடி நீளத்தையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து போடக்கூடாது. ஒரு துண்டை வெட்டி, அந்தத் துண்டுக்கு மதிலைக் கட்டி முடித்து, பின்னர் ஒரு துண்டு விட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். வெட்டாமல் நிற்கும் துண்டுகள் தூண்களைப் போல மேட்டைத் தாங்கும். இதற்குச் சில நாட்கள் கூடுதலாகச் செல்லும். அந்தச் சில நாட்களுக்கான கூலிதான் ஓர் உயிரின் காப்புறுதி.

வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளிப் போட வேண்டும். மலைச்சரிவில் முடிந்தவரை மேற்பக்கத்தில் போடவே கூடாது. மேட்டின் மேல் முதலில் ஒரு கான் வெட்டி மழை நீரைத் திருப்பிவிட்ட பிறகே கீழே வேலை தொடங்க வேண்டும். மதிலில் நீர் வெளியேறும் துவாரங்கள் விட வேண்டும். இல்லையென்றால் இன்று தொழிலாளிக்கு வந்த ஆபத்து நாளை வீட்டுக்காரருக்கு வரும். இயந்திரம் வேலை செய்யும்போது மேட்டின் அடியில் ஆள் நிற்கக்கூடாது.

ஒவ்வொரு காலையும், மழை விட்ட பிறகு ஒவ்வொரு தடவையும், விடயம் தெரிந்த ஒருவர் மேலே ஏறி விளிம்பைப் பார்க்க வேண்டும். புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென ஊறும் கலங்கிய நீர், உதிரும் சிறு கற்கள் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேலை நிற்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு விழிப்பு எச்சரிக்கை விடுக்கின்றது. அந்த எச்சரிக்கை உள்ள நாளில் வெட்டிய மேட்டின் கீழ் ஒரு தொழிலாளியை இறக்குவதற்கு எந்தப் பாஸுக்கும் உரிமை இல்லை என்பதை நாம் பொது வழக்காக்க வேண்டும். மேலே பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள், கீழே இருப்பவர்கள் ஓடித் தப்ப அடைபடாத ஒரு வழி, தனியாக எவரையும் இறக்காத ஒழுங்கு ஆகிய மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை.

கொழும்பில் உயரமான கட்டடங்களில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான். உலகெங்கும் கட்டட வேலையில் உயிர்களை அதிகம் பறிப்பது உயரத்திலிருந்து விழுவதே. அங்கு பாதுகாப்புப் பட்டி கடைசி. அதற்கு முன் பலகை முழுதாகப் பரப்பிய சாரம், கைப்பிடி வேலி, மூடிய திறப்புகள், கீழே வலை இருக்க வேண்டும். பட்டியைக் கொடுத்துவிட்டு அதைக் கொளுவ இடமில்லாமல் விடுவது பாதுகாப்பு ஆகாது.

யார் முதலாளி?

விபத்து நடந்த அன்று மாலையில் ஒரு குடும்பம் கேட்கும் முதற்கேள்விக்கு இன்று பதில் இல்லை. வீட்டுக்காரர் பாஸைக் காட்டுவார். பாஸ் கொந்தராத்துக்காரரைக் காட்டுவார். கொந்தராத்துக்காரர் தனக்கு மேலே இருக்கும் கம்பனியைக் காட்டுவார். கம்பனியின் புத்தகத்தில் இறந்தவரின் பெயரே இருக்காது. சேமலாப நிதி இல்லை, நம்பிக்கை நிதி இல்லை, சம்பளத் துண்டு இல்லை. சவச்செலவுக்கு ஒரு கவரும் ஒரு மலர்வளையமும் வரும். "கேஸ் போட வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற வார்த்தையும் வரும்.

எமது அங்கத்தவர்கள் இந்த இடத்தில் சட்டத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போதும் வேலை காரணமாகவும் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு வழங்குகின்றது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்ச வரம்பை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஏற்படும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. நாட்சம்பளத்துக்குப் போனவர் என்பதற்காகவோ, நியமனக் கடிதம் இல்லை என்பதற்காகவோ கையை விரித்துவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. மரணத்துக்கான நட்டஈடு கைக்குக் கை பேசி முடிக்கும் விடயமல்ல. நட்டஈட்டு ஆணையாளர் மூலமாகவே அது தங்கியிருப்போருக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளைத்தாளில் கையொப்பம் கேட்டால், முதலில் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளையும் தொடுகின்றது. உயிரிழப்பையும், ஒருவரை மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் முடக்கும் விபத்தையும் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் பெயரிலேயே தொழிற்சாலையைச் சுமந்திருக்கும் அந்தச் சட்டம், ஒரு மலைச்சரிவில் மூன்று பேர் மண் வெட்டும் இடத்தை எட்டிப் பார்ப்பது அபூர்வம். 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. நிறுவனங்களுக்குக் குறைவில்லை. கொழும்பில் இருக்கும் அந்த நிறுவனங்கள் எமது மலைகளில் ஏறுவதற்குத்தான் வழி போடப்படவில்லை.

இறங்க மறுக்கும் உரிமை

எல்லா மதிப்பீட்டிலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். மேட்டைப் பார்த்து, "இன்று இதற்குள் இறங்க மாட்டேன்" என்று ஒரு கையாள் சொன்னால் அவருக்கு என்ன நடக்கும்? "அப்படியென்றால் வீட்டுக்குப் போ, நாளைக்கும் வராதே" என்பதே பதிலானால், அந்த வேலைத்தளத்தில் சுவரில் தொங்கும் பாதுகாப்புப் பலகைகள் அனைத்தும் அலங்காரமே.

சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1981 ஆம் ஆண்டின் 155 ஆம் இலக்கச் சமவாயம், உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான பாரதூரமான ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பும் தொழிலாளி அந்த இடத்திலிருந்து விலகினால் அவர் தண்டிக்கப்படக்கூடாது என்கின்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத் தொழிலாளியிடம் காசு அறவிடக்கூடாது என்றும் அது சொல்கின்றது. கட்டட வேலைக்கென்றே 1988 இல் வந்த 167 ஆம் இலக்கச் சமவாயம் விலகும் உரிமையை மீண்டும் வலியுறுத்துவதோடு, அகழ்வுகளில் மண் விழாதபடி முட்டுக்கொடுத்தோ வேறு வழியிலோ தடுக்க வேண்டும் எனவும் விதிக்கின்றது. 2022 ஜூன் மாதம் நடந்த சர்வதேச தொழில் மாநாடு, பாதுகாப்பான ஆரோக்கியமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் அமைக்கும் உரிமைக்கும் கட்டாய வேலை ஒழிப்புக்கும் இணையாக இன்று அது நிற்கின்றது.

"பசியோடு இருப்பவன் எப்படி மறுப்பான்?" என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. தனியொருவராக நின்றால் மறுக்க முடியாது. வீட்டில் அரிசிக்கு எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது நாட்சம்பளத்தை எறிந்துவிட்டு வரும்படி எவருக்கும் நாம் உபதேசம் செய்யப்போவதில்லை. அதற்காகத்தான் சங்கம் இருக்கின்றது. ஆபத்தான வேலை நிறுத்தப்பட்ட நாளுக்கும் முழுப்பேர் கொடுக்க வேண்டும் என்பதை உடன்படிக்கையில் எழுத வைத்தால் மட்டுமே மறுக்கும் உரிமை ஏழையின் கைக்கு வரும். மழை நாளுக்கு அரைப்பேர் என்ற பேச்சு தோட்டத்தில் எத்தனை போராட்டங்களைக் கண்டது என்பதை மூத்த தலைவர்கள் அறிவார்கள். அதே போராட்டத்தைக் கட்டட வேலைக்கும் கொண்டுபோக வேண்டிய காலம் இது.

"எங்கள் பிள்ளைகளே தலைக்கவசம் போடுவதில்லையே" என்ற குறையும் உண்மை. சாரத்தில் பட்டியில்லாமல் நடப்பதைத் துணிச்சல் என்று மெச்சும் பழக்கம் எமது இளைஞர்களிடம் இருக்கின்றது. அதைத் திருத்துவது சங்கத்தின் வேலை, பெற்றோரின் வேலை. ஆனால் இளைஞனின் அசட்டையைக் காட்டி முதலாளி தன் கடமையிலிருந்து நழுவ நாம் இடம் கொடுக்க முடியாது.

தோட்டக் கமிட்டிகள் செய்ய வேண்டியவை

உங்கள் தோட்டத்தில் வீடமைப்பு வேலையோ மதில் வேலையோ தொடங்கும் நாளில் தலைவரும் மாதர் தலைவியும் வேலைத்தளத்துக்குப் போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில்களை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.

1. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எங்கே? அதில் விதித்த நிபந்தனைகள் என்ன?
2. ஆகக் கூடிய வெட்டு உயரம் எத்தனை அடி? அதை யார் தாங்குவது, எதனால்?
3. எஸ்டிமேட்டில் தாங்குசுவருக்கும் கானுக்கும் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா?
4. காலையிலும் மழைக்குப் பின்னும் மேட்டைப் பார்க்கும் பொறுப்பாளர் யார்? அவர் பெயர் என்ன?
5. வேலை செய்பவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கின்றதா? அவர்களின் முதலாளி யார்? சேமலாப நிதி கட்டப்படுகின்றதா?
6. வேலை நிறுத்தப்பட்டால் அன்றைய சம்பளம் கிடைக்குமா?

கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் வேலைக்குத் தடை போடுவது எமது நோக்கமல்ல. பதில் கிடைக்கும்வரை மேட்டின் கீழ் ஆள் இறங்காமல் பார்த்துக்கொள்வதே நோக்கம். கொழும்புக்குப் போகும் பிள்ளைகளின் வேலைத்தள முகவரியையும் பாஸின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டில் எழுதி வைக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். விபத்து நடந்த பின் எமக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் துண்டுக் கடதாசிதான். விபத்து நடந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். மேட்டுக்கு மேலே காவல் ஆள் வைத்த பிறகே மீட்பு வேலையில் இறங்குங்கள். புதையுண்டவரின் அருகில் இயந்திரத்தை ஓட்டாமல் கையாலும் சிறு மண்வெட்டியாலும் அகற்றுங்கள். மண்சரிவு அறிகுறிகள் தெரிந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

எமது கோரிக்கைகள்

அரசிடமும் வீடமைப்புத் திட்டங்களை நடத்துவோரிடமும் பெருந்தோட்டக் கம்பனிகளிடமும் நாம் கோருவது இவை. மலைச்சரிவில் காணி பிரிக்கும்போது 7 பேர்ச் என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், பாதுகாப்பாக வெட்டக்கூடிய இடம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாத இடத்தில் காணியின் அளவையோ வீட்டின் அமைப்பையோ மாற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டட ஒப்பந்தத்திலும் பாதுகாப்புச் செலவு தனி வரியாக எழுதப்பட வேண்டும். விலை குறைத்துக் கேட்கும் போட்டியில் அந்த வரியைக் கொந்தராத்துக்காரர் வெட்ட முடியாதபடி அது நிலையான தொகையாக இருக்க வேண்டும். கொந்தராத்துச் சங்கிலி எத்தனை கண்ணியாக நீண்டாலும், விபத்துக்குத் தலைமை ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்க வேண்டும். தொழிற்சாலை என்ற சொல்லைத் தாண்டி, மனிதர் வேலை செய்யும் எல்லா இடங்களையும் அடக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் வேண்டும். அதில் விலகும் உரிமையும் அந்த நாளின் சம்பளமும் எழுத்தில் இருக்க வேண்டும். தொழில் திணைக்களத்தின் பாதுகாப்புப் பரிசோதகர்கள் தமிழில் பேசவும் எழுதவும் கூடியவர்களாக மலையக மாவட்டங்களில் நியமிக்கப்பட வேண்டும்.

வீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாமதமாகட்டும் என்றும் சொல்லவில்லை. இருநூறு ஆண்டுகளாக லயத்தில் கிடந்த மக்களுக்கு இன்னும் ஒரு நாள் காத்திருப்பும் பாரம்தான். ஆனால் அந்த வீட்டின் அத்திவாரத்தில் எமது பிள்ளை ஒருவன் கிடக்கக்கூடாது. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் வெட்டிய மேடுகளைக் கமிட்டிகள் எண்ணட்டும், உயரத்தை அளக்கட்டும், பட்டியலை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பட்டும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பேச்சுவார்த்தைக்குப் போவோம். மறுபடியும் ஒரு மேடு சரிந்தால், அது எத்தனை அடி என்பதும், யாருக்கு எப்போது அறிவிக்கப்பட்டது என்பதும் எழுத்தில் இருக்கும். அதன் பிறகு பழியை மண்ணின் மீது போட எவராலும் முடியாது.